கறுப்புச் சேற்றில் ஒரு மகரந்தத் துகள்

வைகை வழியே – 17

சென்ற இதழில் வைகையை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் விட்டுவிட்டு வந்தோம். கம்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மேகமலையில் ஆரம்பித்த தொடர். அடுத்து அலையாத்திக் காடு பற்றி என்கிறீர்கள். கடல் மட்டத்துக்கு 1500 மீட்டர் மேலே இருக்கிற ஊருக்கும் கடலோரச் சேற்றுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. நானும் பல வருடம் இப்படித்தான் நினைத்திருந்தேன். மலை மலைதான், கடல் கடல்தான்; நடுவில் ஓடுகிற ஆறு நமக்கு நெல் விளைவிக்க வந்தது என்பதற்கு மேல் யோசித்ததில்லை.

சின்னமனூரிலிருந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி மேகமலையின் ஹைவேவிஸ் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே மழை எப்படி வருமென்று. முகட்டில் நின்று பார்த்தால் ஒரே மேகம்தான் இரண்டு பக்கமும் கொட்டுகிறது. கிழக்குச் சரிவில் விழுந்த துளி சுருளியாற்றில் இறங்கி, முல்லையாற்றோடு சேர்ந்து, தேனிப் பக்கம் வைகையாகி, பாக் நீரிணையைப் பார்த்துப் போகிறது. முகட்டுக்கு மேற்கே விழுந்தால் அது பெரியாற்றுக்குச் சொந்தம்; அரபிக் கடலுக்குப் போக வேண்டியது. (அதிலும் ஒரு பங்கை 1895-இல் பென்னிகுக் அணை கட்டிச் சுரங்கம் வழியாக நம் பக்கம் திருப்பிவிட்டார். அந்தக் கதையை நான்கு இதழ் எழுதியாகிவிட்டது.) ஆக, இந்த மலைக்கு இரண்டு கடல்கள் உண்டு. அந்த இரண்டு கடல்களின் ஓரத்திலும் அலையாத்தி என்கிற கண்டல் காடுகள் முளைத்ததற்கும் அழிந்ததற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கின் ஒரு பக்கம் கடல் ஏறி இறங்கிய வேகம். மறுபக்கம் நம் மலையிலிருந்து போன மழையும் மண்ணும்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு போவோம். பனியுகத்தின் உச்சம். உலகத்து நீரில் ஒரு பங்கு நிலத்தின் மேல் பனியாக உறைந்து கிடந்ததால் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும் பகுதியில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. அப்படியானால் அன்று அங்கே நீரிணையே கிடையாது. இராமேசுவரமும் மன்னாரும் தீவுகள் அல்ல. தொண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒருவர் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். வைகைக்கு இன்றுபோல் ஆற்றங்கரை என்ற ஊரில் முகத்துவாரம் இருந்திருக்க வழியில்லை; அது கடலைத் தேடி இன்னும் வெகுதூரம் போயிருக்க வேண்டும்.

அன்று கண்டல் காடு எங்கே இருந்தது? கடல் எங்கே இருந்ததோ அங்கே. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் கடலோரத்தின் குறுகிய பட்டைக்குள் மட்டும் வாழ்கிற மரங்கள். ஓதம் ஏறும்போது நனைய வேண்டும், வற்றும்போது வேர் மூச்சு விட வேண்டும். எப்போதும் நீரில் மூழ்கினாலும் சாவு, எப்போதும் காய்ந்தாலும் சாவு. கடல் 120 மீட்டர் கீழே போனால் காடும் கூடவே கீழே போயாக வேண்டும். அந்தப் பழைய காடுகள் இருந்த இடம் இன்று மீனவர் வலை விரிக்கிற ஆழ்கடலின் விளிம்பு.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு தமிழரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பாடப் புத்தகங்கள் மறந்துவிட்ட பெயர்: கணபதி தணிகைமோனி.

1955-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஓலைச்சுவடிகள்தான் நினைவுக்கு வரும். உள்ளே மகரந்தவியல் ஆய்வுக்கூடம் ஒன்றும் இருக்கிறது. பல ஆயிரம் செடிகொடிகளின் மகரந்தத்தைக் கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டிச் சேமித்து வைத்திருக்கிறார்கள். தணிகைமோனியின் வாழ்க்கை அந்தக் கூடத்தில்தான் கழிந்தது. கண்டல் மரங்களின் மகரந்தத்தை இனம் பிரித்துக் காட்டும் ஒரு நூலை அவர் எழுதி முடித்திருந்தார். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் பான் ஆம் விமானம் ஒன்று கடத்தப்பட்ட செய்தி மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். வயது 48. அவருடைய கண்டல் மகரந்த நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. இன்றும் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் சேற்றை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

மகரந்தத் துகள் அற்பமானது. சுரபுன்னையின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் அதன் வெளித்தோல் அசாத்தியமானது. பூ உதிர்ந்து, மரம் மக்கி, காடே அழிந்தாலும் காற்றுப் புகாத சேற்றுக்குள் அந்தத் தோல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். ஆய்வாளர்கள் நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி, உருவி எடுத்து, அதைக் கொழுக்கட்டைபோல் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். அமிலத்தில் போட்டால் மணலும் களிமண்ணும் கரைந்துவிடும். மகரந்தம் மட்டும் மிஞ்சும். பிறகு ஒவ்வொரு துண்டிலும் எத்தனை துகள் சுரபுன்னை, எத்தனை வெண்கண்டல், எத்தனை புல், எத்தனை மலைக்காட்டு மரம் என்று உட்கார்ந்து எண்ண வேண்டும். அந்தந்தத் துண்டின் வயதைக் கதிரியக்கக் கரிமம் சொல்லிவிடும். பொறுமைசாலிகளின் வேலை.

இதில் ஏமாறுகிற இடமும் உண்டு. சுரபுன்னை ஊதாரி, மகரந்தத்தைக் காற்றில் வாரி இறைக்கும். வெண்கண்டல் கஞ்சன், தேனீக்களை நம்பி அளவாகத்தான் கொடுக்கும். சேற்றில் சுரபுன்னைத் துகள் நூறும் வெண்கண்டல் பத்தும் இருந்தால், காட்டில் மரங்களும் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் நின்றன என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

சரி, பனி உருகத் தொடங்கியது. 20,000-லிருந்து 7,000 ஆண்டுகளுக்கு முன்புவரை கடல் ஏறத்தாழ 120 மீட்டர் ஏறியிருக்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 9 மில்லிமீட்டர். ஆனால் ஏற்றம் சீராக நடக்கவில்லை. 14,500 ஆண்டுகளுக்கு முன்பு சில நூற்றாண்டுகளுக்குள் 15 மீட்டர் அளவுக்குத் திடுமென ஏறிய காலமும் உண்டு. அப்போது ஆண்டுக்கு 40 மில்லிமீட்டருக்குக் குறையாது.

கண்டல் காடு இதற்கு ஈடுகொடுக்குமா? அதன் சாமர்த்தியம் வேரில் இருக்கிறது. ஓதத்தோடு வருகிற சேற்றை வேர்கள் பிடித்து நிறுத்தும். வேரும் இலையும் மக்கி மண்ணாகும். இப்படித் தன் காலடி நிலத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு வேகம்தான் முடியும். 2020-இல் உலகெங்கும் 78 இடங்களின் பழைய சேற்றுப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு குழு, கடல் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஏறினாலே கண்டல் காடு தன் நிலத்தைக் கட்டியெழுப்பத் தொடங்க முடியாமல் போவதற்கே பெரும் வாய்ப்பு என்று கண்டது. அப்படியானால் அந்தப் பதிமூன்றாயிரம் ஆண்டுகளில் பெரும்பாலும் நம் கடற்கரைக் கண்டல்கள் எங்கும் நிலைகொள்ளவில்லை. கரை நகர நகர விதைகளும் நகர்ந்தன. தாய் மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் தொங்கி, ஓதத்தில் விழுந்து மிதந்து போகிற சுரபுன்னை நாற்றுக்கு இந்த நாடோடி வாழ்க்கை பழக்கம்தான். ஒரு தலைமுறை மரங்கள் வேரூன்றும். அடுத்த தலைமுறைக்குள் அந்த இடம் கடலாகும்.

பாக் நீரிணையில் இந்த ஓட்டம் இன்னும் வேகமாக இருந்திருக்கும். அங்கே தரை சமதளம். ஆயிரம் மீட்டருக்குக் கால் மீட்டர் சரிவு என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், கடல் ஒரு சென்டிமீட்டர் ஏறினாலே கரை 40 மீட்டர் பின்வாங்கும். ஒரு மனிதனின் ஆயுளுக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் நிலம் போய்விடும்.

இந்த இடத்தில் சிலர் எழுந்து நிற்பார்கள் என்று தெரியும். "ஆக, கடல்கோள் உண்மைதானே?" என்பார்கள். இறையனார் களவியல் உரை சொல்லும் முச்சங்கக் கதையும் கடல் கொண்ட நிலமும் நம் எல்லோருக்கும் பிடித்தவை, எனக்கும்தான். ஆனால் கடல் வேகமாக ஏறிய காலம் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே ஏறத்தாழ முடிந்துவிட்டது. நமக்குக் கிடைத்திருக்கும் சங்கப் பாடல்களுக்கும் அதற்கும் நடுவே நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள். அந்த இடைவெளியை உணர்ச்சியால் நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. நெய்தல் பாடல்களில் கண்டல் வருகிறது, தாழை வருகிறது, புன்னை வருகிறது. அந்தப் புலவர்கள் பார்த்தது கடல் அடங்கியபின் கரையோரம் தழைத்திருந்த காட்டை. அதுவே போதுமான பெருமை.

கடல் ஏறிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலும் ஒரு அதிசயம் நடந்தது. மேற்குக் கடலடியில் எடுத்த மண் உருளைகளை எலிஸ் வான் காம்போ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஆராய்ந்து 1986-இல் எழுதினார். அவற்றில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் கண்டல் மகரந்தம் உச்சத்தில் இருந்தது. கடல் விரைந்து ஏறும்போது கண்டல் எப்படிப் பெருகும்? மழையால். அப்போது தென்மேற்குப் பருவமழை பலமாகத் திரும்பியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகள் நன்னீரையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்ட, உப்பு மட்டுப்பட்டு, கண்டல் செழித்தது. நீலகிரியின் புல்வெளிச் சதுப்புக் கரியை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட கட்டுரையும் ஏறத்தாழ அதே காலத்தில் மலையில் ஈரம் கூடியதைக் காட்டுகிறது. மலை உச்சிச் சேறும் கடலடிச் சேறும் தனித்தனியே ஒரே சாட்சியைச் சொல்கின்றன. கம்பத்து வாசகருக்கு என் பதிலில் பாதி இதுதான். மேகமலையில் மழை பெய்தால் கண்டலுக்கு வேர் பிடிக்கும்.

பிறகு கடல் நின்றது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பு ஏற்றத்தின் வேகம் குறைந்து, நம் கரையில் இன்றைய மட்டத்துக்குச் சற்று மேலே போய், மெல்ல இறங்கியது. இதற்குச் சாட்சி வேண்டுமானால் இராமேசுவரம் போகிறவர்கள் கோயிலோடு திரும்பிவிடாமல் கரையோரமாகக் கொஞ்சம் நடக்க வேண்டும். அலை எட்டாத உயரத்தில் பவளப்பாறை நிற்கும். பவளம் நீருக்கு மேலே வளராது. அது வளர்ந்தபோது அங்கே கடல் இருந்தது. ஸ்டோடார்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972-இல் எழுதிய கட்டுரையின்படி அந்தப் பாறையின் வயது சுமார் 4,000 ஆண்டு.

கடல் நின்ற அந்த நடுக்காலம்தான் கண்டலின் பொற்காலம். உலகெங்கும் அப்படியே. வட ஆஸ்திரேலியாவில் சவுத் அலிகேட்டர் ஆற்றுச் சமவெளி முழுவதும் அன்று ஒரே கண்டல் காடாக இருந்தது; அந்தக் காலத்துக்கே அங்கே 'பெருஞ்சதுப்புக் காலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். குமுளி தாண்டி மலை இறங்கினால் குட்டநாடு வந்துவிடும். வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய அந்த வயல்களில் ஒரு வகைக்குக் 'கரி நிலம்' என்று பெயர். பெயருக்கேற்ற கறுப்பு. ஆழத் தோண்டினால் மரங்கள், அடிமரங்கள், கரிய கட்டைகள் வரும். காண்டவ வனம் எரிந்த இடம் இதுதான் என்று ஊரில் கதை உண்டு. எரியவில்லை, புதைந்தது. கடல் உள்ளே வந்தபோது கண்டலும் நன்னீர்ச் சதுப்பு மரங்களும் வளர்ந்து, பின் சேற்றில் அமிழ்ந்து, காற்றில்லாமல் கறுத்துப்போன காடு அது.

அந்தக் காடு இன்றும் விவசாயியைப் பாடாய்ப் படுத்துகிறது. கடல்நீரில் கந்தகம் உண்டு. கண்டல் சேற்றில் காற்று கிடையாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் கந்தகத்தை இரும்போடு சேர்த்து ஒரு கனிமமாகக் கட்டிவைத்துவிடும். நீருக்கடியில் இருக்கும்வரை சாது. நிலம் காய்ந்து காற்றுப் பட்டால் அதுவே கந்தக அமிலம். குட்டநாட்டுக்காரர்கள் நெல் நடுவதற்கு முன்னால் சுண்ணாம்பு போட்டு, நீரைக் கட்டி, வடித்து, மறுபடி கட்டி அந்தப் புளிப்பைக் கழுவுகிறார்கள். ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு செத்துப்போன காட்டோடு மல்லுக்கட்டித்தான் அவர்கள் அரிசி விளைகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் எடுக்கிற நமக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் மண் மலை கொடுத்த மண்.

அந்தப் பொற்காலமும் நீடிக்கவில்லை. இம்முறை கொன்றது கடலின் ஏற்றம் அல்ல. கார்வார் அருகே கடலடியில் எடுத்த மண்ணை காராத்தினியும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 1994-இல் எழுதினார்கள். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து மலைக்காட்டு மகரந்தமும் கண்டல் மகரந்தமும் சேர்ந்தே குறைகின்றன. புல்வெளி மகரந்தம் கூடுகிறது. பருவமழை தளர்ந்திருக்கிறது. ஆற்றில் நன்னீர் குறைந்தால் கழிமுகத்தில் உப்பு ஏறும். சுரபுன்னை பின்வாங்கும், வெண்கண்டல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதுவும் முடியாத இடத்தில் உமரிச் செடி படரும்.

கிழக்குக் கரையில் பிச்சாவரத்துச் சேற்றிலும் அதே நாடகம். பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்த உருளைகளின் கீழ் அடுக்குகளில் சுரபுன்னை மிகுதி. மேலே வர வர வெண்கண்டலும் உமரி வகையும் கூடுகின்றன. ஆனால் இங்கே மழையோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. கடல் நின்றுவிட்ட பிறகும் ஆறு நிற்கவில்லை. கொள்ளிடமும் வெள்ளாறும் மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தன. கழிகள் தூர்ந்தன, நிலம் உயர்ந்தது, ஓதம் எட்டாமல் போனது. காடு கடலைத் துரத்திக்கொண்டு கிழக்கே போனது. கண்டலுக்கு உயிர் கொடுத்த அதே வண்டல், கடல் ஏறாத காலத்தில் அதற்குப் பகையாகவும் ஆனது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். கோயிலின் தல மரம் தில்லை. இலையை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் என்று மரம்வெட்டிகள் அஞ்சுகிற அதே கழிமுக மரம். இன்று அது காடாக நிற்பது கோயில் பக்கத்தில் அல்ல; பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் பிச்சாவரத்தில். தில்லை, காட்டின் நிலப்பக்க விளிம்பில் வளர்கிற மரம்; ஓதம் விலகிய பின்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். ஊர் பெயர் பெற்றபோது அங்கே அலை அடித்தது என்று நான் சொல்ல வரவில்லை. கடைசியாக வெளியேறிய மரத்தின் பெயர் ஊருக்கு நின்றுவிட்டது என்பது என் ஊகம்.

அண்மைக்கால அழிவைப் பலரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பின்னும் பிச்சாவரத்தில் கூறுகூறாகப் பிரித்து மொட்டையாக வெட்டினார்கள். வேர் செத்த இடத்தில் மண் தாழ்ந்து பள்ளமானது. ஏறிய ஓதம் வடியாமல் தேங்கி, காய்ந்து, உப்பானது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை மறுபடி உள்ளே விட்டார்கள். காடு திரும்பியது. பத்தாயிரம் ஆண்டுப் பாடத்தை மண்வெட்டியால் செய்து காட்டியது போல.

வைகையின் கதை அவ்வளவு சுலபமில்லை. கடல் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது. இப்போது உலகச் சராசரி ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது, கண்டலுக்கு எல்லையான 6 மில்லிமீட்டரைத் தொடவில்லை. ஆனால் அந்த 6 என்ற எண்ணை அப்படியே நம்பி உட்கார முடியாது. கண்டல் தன் காலடியை உயர்த்த வண்டல் வேண்டும். அது வருகிற வழியில் 1959 முதல் வைகை அணை நிற்கிறது. அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான கண்மாய்கள். கடைசியில் பெரிய கண்மாய். அணையைக் குறை சொல்ல நான் யார்? அதன் தண்ணீரில் விளைந்ததைத் தின்றுதான் வளர்ந்தேன். இருந்தாலும் ஐப்பசி அடைமழையில் சுருளியாறு செம்பழுப்பாகப் பொங்கி வரும்போது பாலத்தில் நின்று பார்த்தால் இப்போதெல்லாம் வேறு நினைப்பு வருகிறது. அந்த நிறம் முழுவதும் மேகமலை; கம்பத்து வாசகருக்கு என் பதிலின் மறுபாதி அதுதான். அதில் பெரும்பங்கு அணையின் 71 அடிக்குள் படிந்துவிடும்.

போன மாசியில் காரங்காட்டுக்குப் போயிருந்தேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் வனத்துறை படகு விடுகிற சிறிய கண்டல் காடு. படகோட்டி துடுப்பை ஊன்றி நிறுத்த, குனிந்து ஒரு பிடி சேற்றை எடுத்தேன். கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு வழுக்கியது. "எதுக்கு சார் அதப் போயி கையில எடுக்குறீங்க, ரெண்டு நாளைக்கு வாடை போகாது" என்றார். அவர் சொன்னது சரிதான். கம்பம் வந்து சேரும்வரை போகவில்லை.

ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் அழகன்குளம் என்றொரு ஊர். ரோமானியக் கப்பல்களின் சரக்கு வந்து இறங்கிய இடம். வைகை வாய் அன்று எவ்வளவு அகலமாக இருந்தது, அந்தக் கப்பல்கள் எதுவரை வந்தன? அடுத்த இதழில் அந்தத் தொல்லியல் குழிகளுக்குள் இறங்குவோம்.